கேஸ் டர்பைன் பிளேடின் உலோகப் பூச்சுக்கு க்ரீப் சோதனை: முழுமையான வழிகாட்டி

900 டிகிரி செல்சியஸில் ஓர் உலோகப் பூச்சின் க்ரீப்பை, அதாவது சூட்டில் மாறாத சுமையின் கீழ் அது மெல்ல மெல்ல ஊர்ந்து நீள்வதை, சோதிக்க எவ்வளவு எடை தொங்கவிட வேண்டும் என்று கேட்டால், புதிதாக வரும் மாணவர்கள் ஐம்பது கிலோ, நூறு கிலோ என்பார்கள். ஒன்றரைக் கிலோ போதும். 3 மில்லிமீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள துண்டின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். அதில் 10 மெகாபாஸ்கல் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் விசை) வர 15 நியூட்டன் விசை வேண்டும். காய்கறிக் கடை எடைக்கல்லில் சொன்னால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்தச் சோதனையின் எல்லாத் தொல்லைகளும் இந்தச் சின்ன எண்ணிலிருந்தே தொடங்குகின்றன. சுமை இவ்வளவு குறைவு என்றால், கவ்வியின் எடை, கம்பியின் விறைப்பு, மேலே படரும் ஆக்ஸைடுப் படலம், இரவில் நிறுத்தப்படும் ஏசி என எல்லாமே முடிவில் பங்கு கேட்கும்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ஆய்வு மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் சில ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

பூச்சு ஏன் ஊர்கிறது, அதனால் என்ன?

நெய்வேலியில் சுழல்பவை நீராவி டர்பைன்கள். அங்கே நீராவியின் வெப்பநிலை 540 டிகிரி அளவில் நின்றுவிடும். கேஸ் டர்பைனின் கதை வேறு. பெரிய நவீன டர்பைன்களில் எரிந்த வாயு 1,400 டிகிரியைத் தாண்டி முதல் வரிசைப் பிளேடுகளைத் தாக்குகிறது. உள்ளே காற்றுச் செலுத்திக் குளிர்வித்தும் பிளேடின் உலோகம் 900, 1,000 டிகிரியில்தான் வேலை செய்கிறது. பிளேடு நிக்கல் சூப்பர் அலாயால் ஆனது. பலம் அதற்குண்டு. ஆனால் அந்த வெப்பத்தில் ஆக்ஸிஜனையும் கந்தகத்தையும் நெடுங்காலம் தாங்காது. அதற்காகவே மேலே ஒரு பூச்சு. அலுமினியத்தை மேற்பரப்புக்குள் ஊடுருவச் செய்த அலுமினைடுப் பூச்சு ஒரு வகை. மற்றொன்று எம்கிராலி எனப்படும் தெளிப்புப் பூச்சு. இதில் ‘எம்’ என்பது நிக்கல், கோபால்ட் அல்லது இரண்டும். கூடவே குரோமியம், அலுமினியம், மிகச் சிறிதளவு இட்ரியம். தடிமன் பெரும்பாலும் 100 முதல் 300 மைக்ரான்.

கடற்கரையோரம் ஓடும் டர்பைனுக்கு இந்தப் பூச்சு இன்னும் முக்கியம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. கடலோரத்தில் எந்த டர்பைனும் உறிஞ்சும் காற்றில் உப்பு கலந்திருக்கும். அந்த உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்ஃபேட் உருவாகும். அது 884 டிகிரியில் உருகி, ஆக்ஸைடுப் படலத்தைக் கரைத்து உலோகத்தை அரிக்கும்.

சுமை தாங்குவது பூச்சின் வேலையல்ல, பிளேடின் வேலை. அப்படியிருக்கப் பூச்சின் க்ரீப்பை ஏன் அளக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. டர்பைன் சூடேறும்போது மேற்பரப்பு முந்திச் சூடாகிறது, உள்பகுதி பிந்துகிறது. விரிய முயலும் மேற்பரப்பை உள்பகுதி பிடித்து வைப்பதால் பூச்சு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. அந்த வெப்பத்தில் பூச்சு மெல்ல ஊர்ந்து, அழுத்தத்தைக் கரைத்துவிடுகிறது. இயந்திரம் நின்று குளிரும்போது அதே பூச்சு இழுவிசைக்கு மாறுகிறது. குளிர்ந்த நிலையில் அது நொறுங்கும் தன்மை கொண்டது, விரிசல் விடுகிறது. விரிசல் விழுவது குளிரில். அதற்கான காரணம் விதைக்கப்படுவது வெப்பத்தில், க்ரீப்பால். இதோடு இன்னொன்றும் உண்டு. பூச்சு மிகவும் மென்மையாக இருந்தால், மேலே வளரும் அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) படலம் அதை அலை அலையாகச் சுருங்க வைக்கும். அதன் மேல் செராமிக் வெப்பத்தடை அடுக்கு இருந்தால் அந்த அடுக்கு பெயர்ந்து விழும்.

நிக்கல் 1,455 டிகிரியில் உருகுகிறது. கெல்வின் கணக்கில் பார்த்தால் 900 டிகிரி என்பது உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு. நம் அறை வெப்பநிலையில் ஈயம் அதன் உருகுநிலையின் பாதியில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் ஈயக் குழாய்கள் தம் எடையாலேயே தொய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எந்த எண் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துண்டை வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வெப்பநிலை, எந்தத் தகைவு, எதற்காக? பூச்சு உடையும்வரை எத்தனை மணி நேரம் என்பது பெரும்பாலும் பயனற்ற எண். பிளேடின் ஆயுளைக் கணிக்க விரும்புபவருக்கு வேண்டியவை இரண்டு. 800 முதல் 1,050 டிகிரிவரை, சில மெகாபாஸ்கல் முதல் சில பத்து மெகாபாஸ்கல்வரை திரிபு, அதாவது நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது (திரிபு வீதம்) என்பது ஒன்று. திரிபை நிலையாகப் பிடித்து வைத்தால் தகைவு எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பது இன்னொன்று. க்ரீப் முறிவு எண்களைப் பெரிய அட்டவணையாகத் தொகுத்துவிட்டு, குறைந்த தகைவில் ஒரு புள்ளிகூட இல்லாத ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் தேவையற்ற மூலையில் குவிந்து கிடக்கிறது.

மாதிரித் துண்டு: பாதி வேலை இங்கேதான்

200 மைக்ரான் பூச்சைப் பிளேடிலிருந்து உரித்தெடுத்து இழுக்க முடியாது. ஆகவே தனித்து நிற்கும் தடித்த பூச்சைத் தயாரிக்க வேண்டும். வழவழப்பான எஃகுத் தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளிக்கச் சொல்லி, பிறகு ஒயர் கட் முறையில் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டுவது) தகட்டிலிருந்து பிரித்தெடுங்கள். இங்கே ஒரே நிபந்தனை: உண்மையான பிளேடில் எந்த முறையில் தெளிக்கிறார்களோ அதே முறை. குறைந்த அழுத்தப் பிளாஸ்மா தெளிப்பில் ஆக்ஸைடு மிகக் குறைவு. திறந்த வெளியில் பிளாஸ்மாவால் தெளித்தால் ஒவ்வொரு துளியின் ஓரத்திலும் ஆக்ஸைடு நூல் ஓடும். அதிவேகச் சுடரால் தெளிக்கும் எச்விஓஎஃப் முறை இரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த நூல்கள் க்ரீப் வீதத்தை முற்றிலும் மாற்றிவிடும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் வெப்பத் தெளிப்புப் பூச்சு ஆராய்ச்சி நடக்கிறது. கடலூர் மாவட்ட மாணவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

தெளித்த துண்டை அப்படியே சோதிக்காதீர்கள். பிளேடுக்குச் செய்வது போலவே வெற்றிட உலையில் 1,080 முதல் 1,120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். நுண்துளைகள் மூடிக்கொள்ளும். அலுமினியம் நிறைந்த பீட்டா, அலுமினியம் குறைந்த காமா ஆகிய இரண்டு படிகக் கட்டங்களும் சீராகப் பிரிந்து நிற்கும். இதைத் தவிர்த்தால் நீங்கள் அளப்பது க்ரீப்பை அல்ல, துண்டு இறுகுவதையே.

ஒயர் கட் செய்த பரப்பில் மின்பொறியால் உருகி உறைந்த மெல்லிய தோல் ஒன்று இருக்கும். பத்து இருபது மைக்ரான்தான் என்று விட்டுவிடாமல், இருபுறமும் குறைந்தது 50 மைக்ரானைத் தேய்த்து எடுங்கள். எமரித் தாளில் 1,200 எண்வரை போனால் போதும். தேய்ப்பது நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்குக் கீறல்கள் விரிசலுக்கு வழி திறக்கும்.

தடிமனை ஐந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர்த் துண்டில் 0.01 மில்லிமீட்டர் பிழை என்பது தகைவில் 2 சதவீதம். தகைவின் அடுக்கெண் 4 என்றால் (திரிபு வீதம் தகைவின் நான்காம் அடுக்காக ஏறுகிறது என்றால்) திரிபு வீதத்தில் அதுவே 8 சதவீதம். ஒரு மைக்ரோமீட்டர்த் திருகைக் கவனமின்றிச் சுழற்றியதற்கான விலை இது.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ஒருமுறை தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து துண்டுகள் செய்தித்தாளில் சுற்றி வந்தன. நான் கழுவாமல் உலையில் வைத்துவிட்டேன். 850 டிகிரியில் நாற்பது மணி நேரம் கழித்து எடுத்தபோது துண்டின் ஓர் ஓரத்தில் கைரேகை வடிவத்திலேயே அரிப்பு. வியர்வை உப்பும் கடல்காற்று உப்பும் 801 டிகிரியில் உருகிவிடும். அன்று முதல் துண்டை வாலையில் வடித்த நீரிலும் பிறகு அசிட்டோனிலும் கழுவி, கையுறையோடு எடுத்து, உலர்கலத்தில் வைக்காமல் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

சோதனைக்கு முன்பே இன்னொரு துண்டை வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா கட்டம் எத்தனை சதவீதம், படிக மணிகள் எத்தனை மைக்ரான், துளைகள் எவ்வளவு என்பதை எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட இது இல்லையென்றால் கடைசிப் படி நடக்காது.

இயந்திரமும் சுமையும்

ஆய்வகங்களில் இருக்கும் நெம்புகோல் க்ரீப் இயந்திரங்கள் டன் கணக்கில் சுமை ஏற்றுவதற்கானவை. அவற்றின் கத்தி முனை உராய்வே நம் மொத்தச் சுமைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஆகவே எடையை நேராகத் தொங்கவிடும் எளிய அமைப்பே நல்லது. கீழ்க் கவ்வியும் அதிலிருந்து தொங்கும் தண்டும் 300 கிராம் என்றால், ஒன்றரைக் கிலோவில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதையும் சுமையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகள் துண்டைத் தாங்கிப் பிடிக்காமல் தளர்வாகத் தொங்க வேண்டும். கவ்விகள் அலுமினாவாக இருந்தால் துண்டோடு ஒட்டிக்கொள்ளாது. உலோகக் கவ்வி என்றால் இடையே அலுமினாப் பொடியைக் குழைத்துப் பூசி உலர்த்துங்கள். இல்லையென்றால் நூறு மணி நேரத்தில் பற்றவைத்தது போல் சேர்ந்துவிடும்.

இழுவிசை துண்டின் நடு அச்சில் போக, மேலும் கீழும் எல்லாத் திசையிலும் அசையும் மூட்டு ஒன்று வேண்டும். மெல்லிய தகடு ஓரளவு தானே நேராகிக்கொள்ளும் என்பதால் இதில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

வெப்பநிலை

க்ரீப்பின் செயலூக்க ஆற்றல் (வெப்பநிலை மாறினால் வீதம் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) மோலுக்கு 400 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், 900 டிகிரியில் ஒவ்வொரு டிகிரிப் பிழையும் திரிபு வீதத்தை மூன்றரை சதவீதம் மாற்றும். ஐந்து டிகிரி தவறினால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிழை. க்ரீப் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் இ139 தரநிலை 1,000 டிகிரிவரை இரண்டு டிகிரிக்குள்ளும், அதற்கு மேல் மூன்று டிகிரிக்குள்ளும் வெப்பநிலையைக் கட்டச் சொல்வது இதனால்தான்.

கே வகைத் தெர்மோகப்பிள் மலிவு. ஆனால் இந்த வெப்பத்தில் வாரக்கணக்கில் இருந்தால் அதன் அளவீடு நகர்ந்துவிடும். நீண்ட சோதனைக்குப் பிளாட்டினம், ரோடியம் கொண்ட எஸ் வகையே நம்பத் தகுந்தது. அதை வெற்றுக் கம்பியாக உலோகத்தில் படவிடாமல் அலுமினாக் குழலுக்குள் வைத்துத் துண்டின் பக்கத்தில் நிறுத்துங்கள். மேலே, நடுவே, கீழே என மூன்று வையுங்கள். உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணை வெப்பநிலை என்று எழுதிவிடாதீர்கள். அது உலைச் சுவரின் வெப்பநிலை.

காற்றா, ஆர்கானா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். அலுமினா படலம் மெல்லியதுதான். 1,000 டிகிரியில் நூறு மணி நேரத்தில் ஓரிரு மைக்ரான் வளரும். ஆனால் அது மிக விறைப்பானது. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டை 10 மெகாபாஸ்கலில் இழுக்கிறோம் என்றால், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு விசை 3 நியூட்டன். இருபுறமும் இரண்டு இரண்டு மைக்ரான் படலம் 200 மெகாபாஸ்கல் தாங்கினால், அதுவே 0.8 நியூட்டனை எடுத்துக்கொள்ளும். சுமையில் கால் பங்குக்கு மேல் ஆக்ஸைடின் தோளில். வரைபடத்தில் க்ரீப் மெல்ல மெல்லக் குறைவது போலத் தெரியும். பூச்சு இறுகுகிறது என்று எழுதிவிடுவோம். உண்மையில் இறுகியது பூச்சல்ல. அதன் மேல் வளர்ந்த தோல். அது போதாதென்று, அலுமினா வளர வேண்டிய அலுமினியம் பூச்சிலிருந்தே போகிறது. பீட்டா கட்டம் ஓரங்களில் கரைந்து மறைகிறது. நூறு மணி நேரத்துக்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது தொடங்கிய பொருளே அல்ல.

இதற்கு இரண்டு வழி. காற்றில்தான் சோதிக்க முடியும் என்றால் துண்டைத் தடிமனாக்குங்கள், 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய துண்டுதான் இருக்கிறது என்றால் தூய ஆர்கானை ஓடவிடுங்கள். உள்ளே போகும் வழியில் சூடான டைட்டானியம் சீவல்களுக்கு நடுவே வாயுவைச் செலுத்தினால் மிச்ச ஆக்ஸிஜனை அது விழுங்கிக்கொள்ளும். ஆழ்ந்த வெற்றிடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. குரோமியம் ஆவியாகி வெளியேறும்.

சோதனை நாள்

உலையை நிமிடத்துக்கு மூன்று நான்கு டிகிரி என ஏற்றுங்கள். வேகம் கூடினால் அலுமினாக் குழல் வெடிக்கும். ஏறும்போது துண்டில் சிறு எடை மட்டும் இருக்கட்டும், அது நேராக நிற்பதற்காக. வெப்பநிலை எட்டியபின் குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். நீட்சிக் கோடு அசையாமல் கிடைமட்டமாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே எடையை மெல்ல இறக்குங்கள், கையால் போடாமல் திருகு மேசையால். பதிவை எடை இறங்கும் முன்பே தொடங்குங்கள். முதல் சில நிமிடங்களின் நீட்சிதான் பின்னால் அதிகம் தேடப்படும்.

10 மில்லிமீட்டர் அளவு நீளத்தில் 1 சதவீதத் திரிபு என்பது 100 மைக்ரான். ஆகவே ஒரு மைக்ரானைப் பிரித்துக் காட்டும் அளவி வேண்டும். அதைத் துண்டின் இரு முனைகளிலும் அகன்றிருக்கும் தோள்களிலேயே பிடிக்கும்படி அமையுங்கள். இயந்திரச் சட்டத்தின் அசைவை அளந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு மே மாதத்தில் கற்றேன். வரைபடம் தினமும் ஒருமுறை ஏறி இறங்கியது. ஊர்தல் என்றால் ஒரே திசையில் போக வேண்டும். இது மூச்சு விட்டது. மூன்றாம் நாள்தான் புரிந்தது. மாலை ஆறு மணிக்கு ஆய்வகத்தின் ஏசியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அரை மீட்டர் எஃகுச் சட்டம் ஆறு டிகிரி சூடானால் 36 மைக்ரான் நீளும். பத்து மில்லிமீட்டர்த் துண்டில் அது 0.36 சதவீதத் திரிபாகத் தெரியும்.

ஒரு துண்டில் ஒரே தகைவா, படிப்படியாகப் பல தகைவுகளா? துண்டுகள் குறைவாக இருப்பதால் படிமுறையைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள், நானும் அப்படித்தான். 5, 10, 20, 40 மெகாபாஸ்கல் என ஏற்றி, ஒவ்வொன்றிலும் வீதம் நிலைபெறும்வரை காத்திருங்கள். இதில் ஒரு நிபந்தனை மட்டும். கடைசியில் மீண்டும் 10 மெகாபாஸ்கலுக்கு இறங்கி வந்து அளவெடுங்கள். முதலில் கிடைத்த வீதமே கிடைத்தால் பொருள் மாறவில்லை. இரண்டும் வெகுவாக வேறுபட்டால், இடையில் எடுத்த எண்களை வைத்து அடுக்கெண் கணக்கிடாதீர்கள்.

தகைவுத் தளர்வுச் சோதனைக்குத் திரிபை ஒரு அளவில் பிடித்து வைத்துச் சுமை விழுவதைப் பதிவு செய்ய வேண்டும். தகைவு குறையும் வேகத்தை அந்த வெப்பநிலையின் மீள்தன்மைக் குணகத்தால் வகுத்தால் திரிபு வீதம் கிடைக்கும். சில மணி நேரத்தில் பல பத்து மடங்கு வீச்சில் எண்களைத் தந்துவிடும் அருமையான சோதனை இது.

மின்வெட்டு, மழைக்காலம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30. ஐப்பசி, கார்த்திகையில் ஆயிரம் மணி நேரச் சோதனையைத் தொடங்காதீர்கள். நீண்ட சோதனைகளுக்கு மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் இருநூறு மணி நேரத்துக்குள் முடியும் தகைவுகளை எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் போனால் முதல் வேலை, எடையைத் திருகு மேசையில் தாங்கி விடுவது. நேரத்தையும் துண்டு எந்த வெப்பநிலைவரை குளிர்ந்தது என்பதையும் குறியுங்கள். குளிரும்போது ஆக்ஸைடு பெயர்ந்திருக்கலாம் என்பதால், மீண்டும் தொடங்கியபின் வரும் முதல் சில மணி நேரத்து வீதத்தை முடிவில் சேர்க்க வேண்டாம். வெப்பநிலைப் பதிவி மட்டுமாவது மின்கலத்தில் ஓடட்டும்.

எண்களைப் படிப்பது

திரிபு வீதத்தையும் தகைவையும் மடக்கை அளவில் வரைந்தால் சாய்வு அடுக்கெண்ணைத் தரும். தகைவு இரட்டிக்கும்போது வீதம் பதினாறு மடங்கானால் அடுக்கெண் 4. புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழாமல், குறைந்த தகைவில் சாய்வு தணிந்தால் பயப்பட வேண்டாம். இந்தப் பூச்சுகளின் படிக மணிகள் ஓரிரு மைக்ரான் அளவே. மணிகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குவதால் அங்கே வேறு வழியில் ஊர்தல் நடக்கலாம். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். ஒரே கோட்டை வளைத்துப் பொருத்தினால் பிளேடின் மேல் பூச்சு உண்மையில் வேலை செய்யும் குறைந்த தகைவில் கணிப்பு பொய்யாகும். வெப்பநிலையைக் குறைந்தது மூன்று மாற்றிச் சோதித்தால்தான் செயலூக்க ஆற்றலைச் சொல்ல முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சிறுகுண்டுச் சோதனை உதவும். 8 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டை, 4 மில்லிமீட்டர்த் துளையின் மேல் வைத்து, 2.5 மில்லிமீட்டர்க் குண்டால் நிலையான சுமையில் அழுத்துவது. 2021இல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 10371 இதை விவரிக்கிறது. இந்த அளவுகளில் 10 மெகாபாஸ்கலுக்கு ஈடான சுமை ஏறத்தாழ 19 நியூட்டன். ஆனால் இந்த மாற்றுக் காரணி பொருளுக்குப் பொருள் மாறும். உங்கள் பூச்சின் இழுவிசைச் சோதனையோடு ஒருமுறையாவது பொருத்திப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

கடைசிப் படி: வெட்டிப் பாருங்கள்

சோதித்த துண்டைக் குறுக்கே வெட்டி, தொடங்கும் முன் எடுத்த படத்தோடு பக்கத்தில் வையுங்கள். ஓரத்தில் பீட்டா மறைந்த பட்டை எவ்வளவு அகலம்? துளைகள் பெருகியிருக்கின்றனவா? ஆக்ஸைடு எத்தனை மைக்ரான்? இருபுறப் பட்டைகளும் சேர்ந்து தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தச் சோதனையின் பிற்பகுதியை நான் அட்டவணையில் சேர்ப்பதில்லை. இது என் சொந்த வரம்பு. நீங்கள் வேறு வரம்பு வைக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றை வைத்து அதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

உடைந்த மீதித் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். வெப்பநிலை, தகைவு, மணி நேரம் எழுதிய சீட்டோடு உலர்கலத்தில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அந்தத் துண்டில் இருக்கும்.